ஆற்றைத் தாண்டிய நாய்க்குட்டி

கால்நடைத் துறை அலுவலகத்தில் அவளுக்கு 'நரிக்கணக்கு' என்று பட்டப்பெயர். வெறிநோய் நரியிலிருந்து நாய்க்கும், நாயிலிருந்து மாட்டுக்கும் எப்படித் தாவுகிறது, அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று கணினியில் கணித்துச் சொல்வது அவள் வேலை. அதற்குத் தகவல் வேண்டும். அதுதான் கிடைக்காது. செத்த நரி புதருக்குள் அழுகிப்போகும். செத்த மாட்டைச் சத்தமில்லாமல் புதைத்துவிடுவார்கள். அரைகுறைத் தகவலோடு மல்லுக்கட்டியே அவளுக்கு முன்தலை நரைத்துவிட்டது.

அந்த வருடம் நகரின் மேற்கு ஓரத்தில் குப்பைமேட்டை ஒட்டி வெறிநோய் கிளம்பியது. நரிகளும் தெருநாய்களும் இரை பொறுக்கும் இடம் அது.

"நரியை எல்லாம் சுட்டுத் தள்ளினா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இத்தனை வரைபடம்?" என்றார் இயக்குநர்.

"சுட்டா, காலியான இடத்துக்கு வேற நரி வரும் சார். நாய்களுக்கு ஊசி போடணும். நடுவுல ஆறு இருக்கறதால கிழக்குக் கரைக்குப் போகாது. இந்தப் பக்கம் போட்டாப் போதும்."

கடைசி வாக்கியம் மட்டும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மருந்து முழுவதும் மேற்குக் கரைக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் ஊசி போடும் ஆட்கள் ஆடி அசைந்துதான் வந்தார்கள்.

அவளுடைய அக்கா வீடு குப்பைமேட்டுக்கு அடுத்த தெரு. போன் செய்து எச்சரித்தாள். "உங்க நாய்க்குட்டியை வெளியில விடாதக்கா. ஆறு இருக்கறதால கிழக்குப் பக்கம் போகாது, உங்க பக்கம்தான் பயம். ஊசி போடற வரைக்கும் கட்டியே வை."

"சரிடி" என்றாள் அக்கா.

சில வாரங்கள் கழித்துக் கிழக்குக் கரையில் ஒரு கன்றுக்குட்டி எச்சில் ஒழுகச் செத்தது. பரிசோதனையில் வெறிநோய் என்று உறுதியானது.

"போகாதுன்னீங்களே?" என்றார் இயக்குநர்.

நரி எங்கே ஆற்றைத் தாண்டியது என்று வெயிலில் கரையோரம் முழுக்க நடந்தாள். ஒரு கால்தடம்கூட இல்லை. கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கணினியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அப்போது கிழக்குக் கரை கால்நடை மருத்துவர் கூப்பிட்டார். "நரியைத் தேடாதீங்க மேடம். கன்னுக்குட்டியைக் கடிச்சது பக்கத்து வீட்டு நாய்க்குட்டி. அதுவும் செத்துப்போச்சு. அந்த வீட்டம்மா கையிலயும் பல்லு பட்டிருக்கு. அவங்களுக்கு ஊசி ஆரம்பிச்சாச்சு."

அவர் சொன்னது அக்காவின் மாமியார் வீட்டு விலாசம். உடனே அக்காவுக்குப் போன் செய்தாள்.

"நீதானே பயமுறுத்தினே" என்றாள் அக்கா. "ஆறு இருக்கு, அந்தப் பக்கம் போகாதுன்னும் நீதான் சொன்னே. அதான் மாமா குட்டியைக் கார்ல கொண்டுபோய் அத்தைகிட்ட விட்டுட்டு வந்தார்."

"அதுக்கு முன்னாடி அதை ஏதாவது கடிச்சுதா?"

"காதுல ஒரு கீறல் இருந்துது. பூனை பிறாண்டியிருக்கும்னு விட்டுட்டோம்."

நடந்ததை அப்படியே எழுதி இயக்குநரிடம் கொடுத்தாள்.

"அப்போ ஆத்தைத் தாண்டினது நரி இல்ல, உங்க அக்கா" என்று இயக்குநர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கிழக்குக் கரைக்கு மருந்து வரவழைக்க அவரிடம் நடையாய் நடந்துதான் கையெழுத்து வாங்கினாள். மாமியார் எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டு பிழைத்தார். அக்கா மட்டும் அவளோடு பேசுவதில்லை.

இனி மனிதர்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். எத்தனை பேர் நாயை வண்டியில் ஏற்றி ஊர் கடத்தினார்கள் என்று அக்காவின் தெருவில் வீடு வீடாக விசாரித்தாள். யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லையாம். கடைசி வீட்டு வாசலில் சங்கிலி கிடந்தது. பக்கத்தில் நக்கி வழித்த தட்டு.

"நாயா? நாங்க நாயே வளர்க்கலையே" என்றார் அந்த வீட்டுக்காரர்.