சீனத்து மரியாதை படித்து வந்த மாப்பிள்ளை

இன்று காலை நான் சாமிக்கு விளக்கேற்றி முடித்ததும், என் மகளைப் பெண் பார்க்கத் தாயும் மகனுமாகப் பாரிஸ் புறநகரான பியர்ஃபித்திலிருந்து லா சப்பலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

மாப்பிள்ளை இரண்டு வருடம் ஷங்காயில் வேலை செய்தவராம். உட்கார்ந்ததும் வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

"அன்ரி, சீனாவிலை ஒருத்தரும் சப்பாத்தோடை வீட்டுக்குள்ளை போகமாட்டினம். வாற ஆக்களுக்கெண்டு வாசல்லையே வேறை செருப்பு வைச்சிருப்பினம். எனக்கெண்டால் பெரிய ஆச்சரியம்!"

சொன்னவரின் சப்பாத்து, மழைச் சேற்றோடு, சாமித்தட்டுக்கு முன் நான் விரித்திருந்த பாயின் மேல் இருந்தது. காலோடுதான்.

தாய் பூரித்துப்போனார். "பிள்ளை எவ்வளவு விசயம் அறிஞ்சு வந்திருக்கிறான், பாத்தியளே?"

"தம்பி, அங்கை நீங்களும் கழட்டினனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் அன்ரி. கழட்டாட்டி அவையளுக்கு மரியாதை இல்லையெல்லோ. இஞ்சை பிரச்சினையில்லை, எங்கடை ஆக்கள்தானே."

மகள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

பின்னேரமே தாய் தொலைபேசி எடுத்தார். மகனுக்குப் பிடித்துவிட்டதாம், எங்கள் முடிவு என்ன என்று கேட்டார். மகள் வேண்டாம் என்கிறாள். எனக்கும் அதுதான் நிம்மதி.

சம்பந்தம் வேண்டாம் என்பதைச் சீனாவில் எப்படிச் சொல்வார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நம் வீட்டு முறையில் சொன்னால் மாப்பிள்ளைக்கு விளங்காது.