சக்கரத்துக்குப் பூக்கட்டினார்கள்

சைக்கிள் சக்கரம் வாங்கலாமா என்று சாமியிடம் பூக்கட்டிக் கேட்ட வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு நடந்தது. என் மகள் சைக்கிள் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தராக விட்டு நேரம் பார்க்கிற பந்தயம். ஆடி மாதப் போட்டியில் நல்ல இடம் வந்தால் விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். அதுதான் அவளுக்கு உயிர்.

பழக்கிக்கொடுத்த மாஸ்டர் ஒரு ஜோடிச் சக்கரம் கொண்டுவந்தார். யாரோ ஓட்டிவிட்டு விற்கிறது. வழக்கமான சக்கரத்தில் வளையம் ஒரு விரல் கனம் இருந்தால் அதிகம். இதில் கம்பிகளைக் கொஞ்சம் மறைத்து உள்ளே நாலு விரல் ஆழம், கறுப்பாக. எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். மகள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

என் காதுத் தோட்டை விற்றால்தான் வாங்க முடியும். மில்லுக்குப் போய் நானே சம்பாதித்து வாங்கிய தோடு. விற்க எனக்குச் சம்மதம். கொடுக்கிற விலைக்கு அது ஓடுமா என்பது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

என் வீட்டுக்காரர் எதற்கும் தன் அண்ணன் வாயைப் பார்ப்பார். அந்த அண்ணன் வந்தார். சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“பொட்டப்புள்ள சைக்கிளுக்குத் தோட்ட விக்கிறதா? கட்டிக்குடுக்கையில காதுல சக்கரத்தையா மாட்டி அனுப்புவீக?”

வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணனே வழியும் சொன்னார்.

“பூக்கட்டிப் பாப்போம்ப்பா. வெள்ள வந்தா வாங்கு, செவப்பு வந்தா விட்டுரு.”

அம்மன் கோயிலில் இரண்டு பூவையும் தனித்தனித் தாளில் மடித்துப் போட்டு, அவரே ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. “ஆத்தா வேணாம்னுருச்சு” என்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

தோடு என்னுடையது. மிதிக்கிற கால் அவளுடையது. இந்த மனிதர் ஒரு நாளாவது அவள் ஓட்டுவதை நின்று பார்த்திருப்பாரா? மோட்டார் சைக்கிள் வாங்கினாரே, அப்போது ஆத்தாவைக் கேட்டாரா? கேட்கத்தான் நினைத்தேன். அவர் முன்னால் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லை எனக்கு. மகள் கையைப் பிடித்து எழுப்பினேன்.

“கெளம்புடி. மாட்டி ஓட்டிப் பாரு. நானும் வாரேன்.”

மாஸ்டரையும் வரச் சொல்லி வத்தலக்குண்டு ரோட்டுக்குப் போனோம். ஆடிக்காற்று பக்கவாட்டில் புழுதியை வாரி அடித்தது. நான் ஓரமாகச் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனவள் திரும்பி வரும்போது ஒரு லாரி கடந்தது. சைக்கிளின் முன்பக்கம் வெடுக்கென்று திரும்பி மண்ணில் இறங்கிவிட்டது. நல்லவேளை, விழவில்லை.

“முன்சக்கரத்தக் காத்துப் பிடிச்சு இழுக்குதும்மா. பின்னாடி உள்ளது ஒண்ணும் செய்யல.”

முன்னால் பழைய சக்கரத்தையே மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. “இப்பப் போகுதும்மா!”

மாஸ்டர் வார்த்தையை இழுத்தார். “ஜோடியாத்தாம்மா விப்பாக.”

“பின்னாடி உள்ளத மட்டும் குடுங்க சார். இல்லேன்னா ரெண்டையும் கொண்டு போங்க. முன்னாடி உள்ளது எம்புள்ளயக் கீழ தள்ளப் பாத்துச்சு.”

வேறு நாளாக இருந்தால் எனக்கு இந்தப் பேச்சு வந்திருக்காது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கோபம் பேசியது. மாஸ்டர் போய்க் கேட்டு, ஒற்றைச் சக்கரத்துக்குச் சம்மதம் வாங்கி வந்தார். தோட்டை விற்று, மிச்சத்தில் சின்னக் கம்மல் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

விஷயம் தெரிந்து வீட்டுக்காரரின் அண்ணன் மறுபடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதைவிட மோசம்.

“பாத்தியாடா, முன்சக்கரம் ஆகாதுன்னு ஆத்தா அன்னைக்கே சொல்லிருச்சு!”

வீட்டுக்காரர் தலையாட்டினார். புழுதியில் நின்றவள் நான். மண்ணில் இறங்கியவள் அவள். பேர் இந்த அண்ணனுக்கு. அவரே அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஏ தாயி, ஒரு வாய் காப்பி கெடைக்குமா?”

பால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. அடுப்படியை விட்டு வெளியே வராமலே சொன்னேன்:

“பூக்கட்டிப் பாருங்க மாமா.”

சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன்.