பெரிய வாத்தியார் பிள்ளை எங்கே படிக்கிறான்

என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்தில் ஒரு முனிசிபல் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். ஊரார் வாயில் பெரிய வாத்தியார். இலவசமாகக் கிடைக்கும் படிப்புதான் படிப்பு, காசு கொடுத்து வாங்குவது வெறும் பகட்டு என்று காபி கிளப்பில் உட்கார்ந்து பேசுவார். கேட்பவர்கள் உருகிப் போவார்கள். பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எங்கள் மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டையில் ஃபீஸ் வாங்குகிற பள்ளிக்கூடத்துக்கு அவனை அனுப்பி வைப்பார்.

"உங்க பையன் எங்கங்க படிக்கிறான்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்கும் பதில் தயாராக இருந்தது.

"அவனுக்கு நெஞ்சு சளிங்க. தெனம் பாலத்து மேல நடந்து போயிட்டு வந்தா காவிரிக் காத்து நல்லதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு."

அந்த வைத்தியரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பையனுக்கு அதுவரை சளியும் இருந்ததில்லை; அந்தப் பாலத்தில் மழையில் நனைந்து நடந்த பிறகுதான் வந்தது. இவருக்குக் கீழே இருந்த வாத்தியார்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவரவர் பிள்ளையைக் கோட்டைக்கு அனுப்ப அவரவர் ஒரு வைத்தியரை வைத்திருந்தார்கள்.

மகனுக்கு ஒரு வயது இளையவள் எங்கள் மகள். அவள் நெஞ்சு திடமாக இருந்தது போலும். அவளைத் தன் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஐந்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். கோட்டையில் அவனை நாலாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார வைத்துவிட்டார்கள், அதனால்தான். இதில் இவருக்கு வருத்தம் கிடையாது.

"சும்மா தூக்கி மேல போட மாட்டாங்க அங்க. அதான் தரம்" என்பார். தன் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தேறாவிட்டால் அது மக்கு. கோட்டையில் தேறாவிட்டால் அது தரம்.

முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் பெண்ணைப் படிக்க வைப்பதென்றால் அவளையும் கோட்டைக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே பெண்களுக்கென்று தனியாகப் பள்ளிக்கூடம் இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் ஆசை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவள் அப்படி ஆகிவிடக்கூடாது.

"அஞ்சாவது முடிக்கட்டும், பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் காலம் தள்ளினேன்.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசித் திருவிழா முடிந்தும் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. வந்த கூட்டத்தில் பூ விற்றும் பொரி விற்றும் ருசி கண்டவர்கள் எப்படி வருவார்கள்? ஐந்தாம் வகுப்பில் ஆள் குறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, மாற்றலாகி வந்த புது இன்ஸ்பெக்டர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. வகுப்பு பெயருக்குத்தான் இருக்கிறதென்று கண்டால் எடுத்துவிடுவாராம். இவருக்குத் தன் உத்தியோகம் சிறுத்துவிடுமே என்று கவலை. எனக்கு, பெண் இந்த மாதமே வீட்டில் உட்கார்ந்துவிடுவாளே என்று கவலை.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பெஞ்சுகளை நிரப்ப அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைப்பது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம். எதிலும் கொஞ்சம் மேலே போகிறவர் என் வீட்டுக்காரர். கோட்டையில் படிக்கிற பிள்ளை, பளிச்சென்று பதில் சொல்வான் என்று எங்கள் மகனையே அன்று நிறுத்தி, பழைய சட்டையைப் போட்டு, முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். தினமும் அந்த இடத்தில் உட்காரும் மகளைக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்கு டிபன் கொடுப்பது தலைமை ஆசிரியர் வீட்டு வேலை. சொஜ்ஜியும் வடையும் எடுத்துக்கொண்டு போய் நான் தாழ்வாரத்தில் நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் முதலில் ஒரு பிரசங்கம் செய்தார். "காசு கட்டிப் படிக்கிறவங்களைப் பாத்து யாரும் ஏங்கக் கூடாது. இந்த ஊர்ல நல்ல படிப்பு வேணும்னா இங்கதான் வரணும்." என் வீட்டுக்காரரின் தலை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆடியது. பிறகு இன்ஸ்பெக்டர் முதல் பெஞ்சைக் காட்டி, "நீ எந்திரி தம்பி" என்றார்.

என் மகன் எழுந்தான். அவன் முகம் மலர்ந்து போயிருந்தது.

"சார், உங்களை எனக்குத் தெரியும். உங்க பையன் என் பக்கத்துலதான் உக்காருவான்."

"எங்க?"

"கோட்டை ஸ்கூல்ல சார். நீங்ககூட அன்னைக்கு வண்டியில கொண்டு வந்து விட்டீங்களே."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இவனுக்கு நெஞ்சு சளிங்க. காவிரிக் காத்து..."

"என் பையனுக்கும் அதேதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதன் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பையனை உட்காரச் சொல்லிவிட்டு, "வேற யாரு சொல்றீங்க?" என்று அவசரமாக ஒரு வட்டிக் கணக்கைப் போட்டார் இன்ஸ்பெக்டர். கடைசி பெஞ்சிலிருந்து என் மகள் கை தூக்கினாள். கணக்குக்கு விடை சொன்னாள். காவிரி எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஊர் வழியாக வருகிறது என்று கேட்டார். தடங்கல் இல்லாமல் சொன்னாள். புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார், படித்தாள். கையிலிருந்த பாத்திரம் சுட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை. பெற்ற வயிறு குளிர்ந்து போயிற்று.

"இப்படி ஒரு பொண்ணு இருக்கிற வகுப்பை எதுக்கு எடுக்கணும்?" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் சொஜ்ஜியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் இவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். இதுதான் சமயம் என்று பேச்சை எடுத்தேன். "அஞ்சாவது முடிஞ்சதும் அவளைக் கோட்டையில சேத்துடலாங்க. உங்க மானத்தையே காப்பாத்திக் குடுத்திருக்கா."

"இன்னைக்குக் கண்ணால பாத்தேல்ல? நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சே இப்படி இருக்கா. இவளுக்கு எதுக்குக் காசைக் கொட்டணும்? மந்தமா இருக்கிறவனுக்குத்தான் நல்ல ஸ்கூல் வேணும்."

சரி, அவளும் மந்தமாக இருந்திருந்தால் அனுப்பியிருப்பாரா? 'மந்தத்துக்கு எதுக்குடி படிப்பு' என்றிருப்பார். அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

மகள் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். கோட்டையில் மகன் மறுபடியும் தரத்தில் மாட்டிக்கொண்டான். ஜூன் மாதம் அவன் பாலத்தைத் தாண்டிப் போனான், அவள் வீட்டில் இருந்தாள்.

விஜயதசமி அன்று முனிசிபல் வாத்தியார்கள் பிள்ளைகளைச் சேர்க்கத் தெருத்தெருவாகப் போவார்கள். அந்த வருஷம் மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி இவர் கூடவே அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். சித்திரை வீதியில் ஒரு வீட்டு அம்மாள், கையில் ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு, எங்கே சேர்ப்பது என்று யோசித்தபடி நின்றாள். இவர் எங்கள் மகளை முன்னால் நிறுத்தினார்.

"இது என் பொண்ணுதாங்க. நம்ம பள்ளிக்கூடத்துப் படிப்பு. என்ன வேணா கேட்டுப் பாருங்க."

அந்த அம்மாள் கணக்கெல்லாம் கேட்கவில்லை. "இப்ப எந்த வகுப்பு படிக்கிற கண்ணு?" என்றாள்.

மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "படிக்கலைங்க அத்தை. வீட்டுலதான் இருக்கேன்."

அந்த அம்மாள் தன் கையிலிருந்த சின்னப் பெண்ணைக் குனிந்து பார்த்தாள். பிறகு, கோட்டையில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு சின்னப் பெண்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று என் வீட்டுக்காரரிடமே கேட்டாள். சேர்த்துக்கொள்வார்கள், நல்ல பள்ளிக்கூடம்தான் என்று அவர் சொன்னார். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.