எவாஞ்சலின் சொன்ன ஆங்

எவாஞ்சலினுக்குக் கோபம் வந்தால் திருத்தணி பஜார் வரைக்கும் கேட்கும் என்று அவள் அம்மா லில்லியே சொல்வாள். வராமல் என்ன செய்யும்? அவள் பார்க்கும் வேலை அப்படி. வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் பத்து வருஷமாக மென்பொருள் எழுதுகிறாள். நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு நெட்வொர்க் வழியே கட்டளை வரும். வருகிற செய்தி என்ன வகை, அது வரவேண்டிய நேரம்தானா என்று பார்ப்பது அவள் எழுதிய சோதனை. முதலில் அனுப்புவது யார் என்ற அறிமுகம், பிறகு ரகசியக் குறியீட்டுச் சாவி மாற்றம், அப்புறம்தான் கட்டளை. முறை தப்பினால் இணைப்பைத் துண்டித்துவிடும்.

அந்தச் சோதனையைத்தான் டீம் லீடர் ராஜேஷ் மென்பொருளிலிருந்து நீக்கித் தொலைத்திருந்தான். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் பழைய கம்ப்யூட்டர் செய்திகளை முன்னும் பின்னுமாக அனுப்பியதாம், இணைப்பு அறுந்துகொண்டே இருந்ததாம். அதற்கு இதுவா வழி? போதாக்குறைக்கு, புதுப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் ‘ஒப்புதல்: எவாஞ்சலின்’ என்று வேறு. காலையில் அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜேஷுக்குப் போனைப் போட்டாள்.

“யாரைக் கேட்டு எம்பேரைப் போட்டீங்க?”

“நீங்கதானுங்க சரின்னீங்க. நேத்து போன்ல நான் சொல்லச் சொல்ல ஆங், ஆங்னீங்களே!” ராஜேஷ் கோயம்புத்தூர்க்காரன்.

“அட கஷ்டமே! நீங்க பேசிகினு இருக்கும்போது ஆங்னா, கேட்டுகினு இருக்கேன்னு அர்த்தம். வேணாம்னு சொல்ல வாயைத் தொறக்கறேன், போனை வெச்சுட்டீங்க. வந்தது என்ன வகைன்னே பாக்காம எடுத்துக்கறது உங்களுக்குப் பழக்கமாவே பூடுச்சு!”

பதினோரு மணி வீடியோ மீட்டிங்கில், மேனேஜர் விஜயன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ராஜேஷ் மாற்றிய மென்பொருள் ஓடிய, ஆபீஸில் இருந்த சோதனைக் கருவிக்கு அவள் ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். அறிமுகம் இல்லை, சாவி இல்லை, நேராகக் கட்டளை. மணிக்கு ஐந்து மில்லி என்றிருந்த மருந்து ஐம்பதுக்கு ஏறியது.

“யாரு வூட்டு ஆளு படுத்துகினு இருந்தா உங்களுக்கு ஒறைக்கும்?” என்று கத்தினாள் எவாஞ்சலின்.

“சரிம்மா, அந்தச் சோதனையைத் திரும்பப் போட்டுடு” என்றார் விஜயன்.

“போட்டுட்டேன் சார், நாலு வரிதான். அதை எடுத்ததுக்கு எம்பேரு நிக்குதே, அதுக்கு என்ன பண்றீங்க?”

விஜயன் ராஜேஷைப் பார்த்தார். எல்லோரும் திரையில் பார்க்க, ராஜேஷ் அவள் பெயரை அழித்தான். அழித்த இடத்திலேயே அவன் கை நின்றுவிட்டது.

“காலியா உடாதீங்க” என்றாள் எவாஞ்சலின். “உங்க பேரைப் போடுங்க.”