பிலிமின் மறுமுனை

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். இருபத்து மூன்று வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். சபையில் யாராவது ஆவி, பேய் என்று பேச்செடுத்தால், ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாகச் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுவேன்.

பாபநாசத்தில் வயலை ஒட்டிய வீடு. மனைவி இறந்து பத்தொன்பது வருடம். ஒரே மகள் எஸ்தர், இருபத்தாறு வயது. வங்கி வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய பிலிம் கேமராவோடு சென்னைக்குப் போகிறேன் என்றாள். "போறதா இருந்தா என்கிட்ட பேசாதே" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் கிளம்பிப் போனாள். பேசவில்லை, மூன்று வாரம். பிறகு நானே கூப்பிட்டேன். இரண்டு நாளாகப் போன் அணைந்தே கிடந்தது. உயிரோடு இருக்கிறாளா என்பது வரைக்கும் மனம் போய்விட்டது.

அந்த ஞாயிறு மதியம் அவள் மேசையில் கழுவாத ஒரு பிலிம் சுருளும், அவள் எழுதி வைத்த செய்முறைத் தாளும் கண்ணில் பட்டன. காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மாத்திரை. கழுவிய பிறகு கெட்டியான உப்புக் கரைசலில் ஒரு நாள். படங்களைக் கழுவி அனுப்பினால் பேசுவாள் என்று நினைத்தேன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதும் உண்மை. தாளில் இன்ஸ்டன்ட் காபித்தூள் என்று இருந்தது. அது எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. பில்டரில் கெட்டி டிகாக்‌ஷன் இறக்கிக் கலந்தேன். எங்கள் தூளில் பாதி சிக்கரி என்பது அப்போது உறைக்கவில்லை.

குளியலறை சன்னலில் போர்வை, கதவிடுக்கில் துணி. கும்மிருட்டு. பிலிமை முனைக்கு முனை பிடித்துக்கொண்டு, ஒரு கை ஏற மறு கை இறங்க, கிண்ணத்துக் கரைசலுக்குள் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். வாய்க்குள் நொடிகளை எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

முந்நூறு தாண்டியிருக்கும், மூக்கு அரித்தது. யோசிக்காமல் இடது கையை எடுத்துச் சொறிந்தேன். பிலிம் விழவில்லை. நம்பினால் நம்புங்கள், மறுமுனை ஏறியது, இறங்கியது, நான் எண்ணுகிற அதே தாளத்தில்.

யார் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஏனென்றால் நாலைந்து முறைக்கு ஒரு முறை அந்தப் பக்கமிருந்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. மனைவி போன பிறகு, துவைத்த போர்வையை நானும் எஸ்தரும்தான் ஆளுக்கொரு முனை பிடித்து உதறுவோம். ஏழு வயதில் அவள் அப்படித்தான் இழுப்பாள், நான் தடுமாற வேண்டும் என்று. இப்போது நான் கேட்டு, அவள் குரல் பதில் சொல்லிவிட்டால், என் பிள்ளை உயிரோடு இல்லை என்றுதானே அர்த்தம்? பயந்துகொண்டே எண்ணினேன். ஆனால் விட்டுவிட்டு ஓடவும் மனம் வரவில்லை, அந்த வீட்டில் மூன்று வாரம் கழித்து என்னோடு இன்னொருவர் இருந்ததால்.

தொள்ளாயிரம் ஆனதும் பிலிமை மெல்ல இழுத்தேன். தடையில்லாமல் வந்தது. உப்புக் கரைசலில் போட்டு மூடிக் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. போனை எடுத்து எஸ்தரை அழைத்தேன்.

"என்னப்பா? போன் தண்ணில விழுந்துடுச்சு, இப்பதான் சரி பண்ணி வாங்கிட்டு வரேன்."

"உன் பிலிமைக் கழுவினேன்மா."

"எதுல?"

"டிகாக்‌ஷன்ல."

"ஐயோ அப்பா! பாலும் சர்க்கரையும் போட்டீங்களா?" அவள் சிரித்தாள். நான் அழுதேன், அவளுக்குக் கேட்காமல்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். பிலிமில் ஒரு படமும் விழவில்லை, வெறும் பழுப்பு. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு முனையில் என் பெருவிரல் ரேகை. மறுமுனையிலும் என் ரேகை, அதன் மேல் சின்னதாக இன்னொன்று, கருகருவென்று தெளிவாக.

"சின்னப் பிள்ளை கை மாதிரி இருக்கே. உள்ள யாரை விட்டீங்க?"

"யாரையும் இல்லம்மா. தனியாத்தான் செஞ்சேன்."

விளையாட்டாகத் தன் பெருவிரலை அதன் மேல் வைத்தாள். அளவுதான் சின்னது, கோட்டுக்குக் கோடு அவளுடைய ரேகை. வைத்தவள் எடுக்கவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப்பா?"

"மூணு இருக்கும். ஏன்?"

"ஒண்ணுமில்ல." கையைக் காற்றில் வெடுக்கென்று ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பிலிமைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த இழுப்பைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஏன் கேட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.