நட்சத்திரக் குறி போட்ட அன்லிமிடெட்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே படியுங்கள். பெரியவளின் பேட்டி கெட்டுப்போன கதையை வாயால் சொல்லப் போனால் எனக்குக் கோபம் ஏறிவிடுகிறது, பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் ஸ்மார்ட் போன் ஒன்றுதான், அது என்னுடையது. அதற்கு ரீசார்ஜ் செய்யப் போன கடையில் பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம். தரமான சரக்குக்கு ஸ்டார் போடுவார்களே, அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த நட்சத்திரத்தின் மிச்சக் கதை போஸ்டரின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது. அதை யார் குனிந்து படிப்பார்கள்?

அன்லிமிடெட் என்ற வார்த்தை எனக்குப் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் செகந்திராபாத்தில் ஒரு தமிழ் மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். அங்கே பலகையில் இரண்டு வரி எழுதியிருக்கும். ஒன்று அளவுச் சாப்பாடு, இன்னொன்று அன்லிமிடெட். அன்லிமிடெட் வாங்கினால், நாமாகக் கையைக் குறுக்கே காட்டிப் 'போதும்' என்று சொல்கிற வரைக்கும் சோறு வரும். போனுக்கும் அதேதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் அந்த நினைப்பு பொய்யாகவில்லை. ஏன் தெரியுமா? காஞ்சன்பாக்கில் எங்களுடையது ராணுவத் தளவாடத் தொழிற்சாலை, உள்ளே போன் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டிலேயே மரப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். நம்பர் அடித்த அலுமினிய டோக்கன் ஒன்று கொடுப்பார்கள். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்தால் போன் கைக்கு வரும். ஆக, என் அன்லிமிடெட் பகல் முழுக்கப் பெட்டிக்குள் தூங்கியது. சாயங்காலம் கொஞ்சம் பார்ப்பேன், நீங்கள் கொஞ்சம் பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் அதோடு சரி. அதற்கு ஓர் அளவு இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

அந்தத் தெம்பில்தான் மேல்வீட்டு அக்காவிடம் வாயை விட்டேன். அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத். தமிழ் பேசினால் பாதி உருது வரும்; 'எதற்கு' என்பதற்குக் 'கைக்கு', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்கள்.

"தம்பி, நான் வைஃபை போடப் போறேன். ரெண்டு வீட்டுக்கும் சேத்து எடுத்துக்கலாமா? தனித்தனியா கைக்கு?"

"எங்களுக்கு வேண்டாங்க்கா. நம்மகிட்ட அன்லிமிடெட் இருக்கு."

"ஹவ்! அப்ப நீங்க பெரிய ஆளு," என்று சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டார்கள்.

அப்புறம் பெரியவளின் பேட்டி வந்தது. இன்டர், அதாவது நம் ஊர்ப் பிளஸ் டூ, முடித்த பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, வேலையும் போட்டு, கூடவே டிகிரியும் படிக்கவைக்கிற கம்பெனி. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது இருபது நிமிட வீடியோ பேட்டி, மதியம் மூன்று மணிக்கு. அதிலும் தேறினால் நம் வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அவள் பேச்சை அவர்கள் இருபது நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் போதும், அவள் ஜெயித்துவிடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

அன்றைக்கு நான் லீவு போட்டேன். வேலை நாளில் போன் பகலில் வீட்டில் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. லீவு போட்ட அப்பன் சும்மா இருப்பேனா? பேட்டியில் எப்படிப் பேச வேண்டும் என்று வீடியோ தேடினேன். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, இங்கிலீஷில் நாலு. படம் தெளிவாக இருக்கட்டும் என்று அதிலுள்ள பெரிய நம்பராகப் பார்த்துப் போட்டேன். பெரியவள் தலை வாரும்போது ஒன்று, இட்லி சாப்பிடும்போது ஒன்று.

"பாரும்மா, கைய எங்க வைக்கணும்னு சொல்லுதான் பாரு."

"சாலு அப்பா."

"இது ஒண்ணு மட்டும். 'உங்க வீக்னஸ் என்ன'ன்னு கேப்பாங்களாம்."

"எங்க அப்பான்னு சொல்றேன். சாலு அப்பா, ப்ளீஸ்!"

உங்கள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, புள்ளைய செத்த நேரம் சும்மா விடுதியளா? அவ பேசணுமா, நீங்க பேசணுமா?"

சாலு என்றால் தெலுங்கில் போதும் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதது இல்லை. அன்று காலை அவள் எத்தனை சாலு சொன்னாளோ, எண்ணவில்லை. நடுவில் போனுக்கு இங்கிலீஷில் இரண்டு மெசேஜ் வந்தது. விளம்பரம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வீடியோவைப் போட்டேன்.

மூன்று மணிக்கு பெரியவள் போனைச் சுவரில் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். ஒரு சாரும் ஒரு மேடமும் திரையில் வந்தார்கள். இவள் வணக்கம் சொன்னாள். பேர் சொன்னாள். பத்தாவது, இன்டர் மார்க் சொன்னாள். அதற்குள் மேடத்தின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்புறம் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. "ஹலோ, கேன் யூ ஹியர் மீ? ஹலோ?" என்று அந்தப் பக்கம் ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. இவள் பதில் சொல்கிறாள், அங்கே போய்ச் சேரவில்லை. மறுபடியும் சொல்கிறாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

போனை எடுத்துக் கூடுதல் டேட்டா போட்டுவிடலாம் என்று பார்த்தேன். அதற்கு அந்த ஆப் திறக்க வேண்டும். ஆப் திறக்க டேட்டா வேண்டும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எந்தப் புத்திசாலி இதை இப்படிச் செய்தானோ, அவனை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் படியேறி ஓடினேன். மேல்வீட்டு அக்கா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்துவந்தார்கள். நான் விஷயத்தை உளறிக் கொட்டினேன்.

"அன்லிமிடெட் எங்க போச்சு தம்பி?" என்று கேட்டார்கள். உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நக்கோ, நக்கோ, டென்ஷன் நக்கோ. பொண்ண இங்க கூட்டினு வாங்க. பாஸ்வேர்டு நான் போட்டுத் தரேன்" என்றார்கள்.

கூட்டிக்கொண்டு போனேன். நெட் சரியானபோது திரையில் யாரும் இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. பெரியவள் அழவில்லை. அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "தாங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள். தெலுங்கில் மரியாதையாகத்தான் பேசினாள். உங்கள் நெட் நிற்கவில்லையே சார், ஒரு நாள் அளவு தீர்ந்ததால் மெதுவாகியது, அவ்வளவுதான், பிளான் அன்லிமிடெட்தான் என்றாள்.

"அப்ப அதுக்கு அளவுச் சாப்பாடுன்னு பேர் வைக்க வேண்டியதுதானே அம்மா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

மெஸ்ஸில் ஒருநாளும் இப்படி நடக்காது. மூன்றாவது தடவை சோறு கேட்டால் ஒவ்வொரு பருக்கையாகப் போட்டுவிட்டு, 'சோறு நிற்கவில்லையே, மெதுவாக வருகிறது, அவ்வளவுதான்' என்று யாராவது சொன்னால் இலையோடு எழுந்து அடிக்கப் போவோம். போன்காரன் சொன்னால் அடுத்த மாதமும் போய் அதையே ரீசார்ஜ் செய்கிறோம்.

ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது. இந்தத் தடவை எடுக்கவில்லை, அடுத்த குழுவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று. அந்த அடுத்த குழுவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதற்குள் நான் மேல்வீட்டு அக்காவிடம் போய், வைஃபையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "இப்பவாவது கேட்டீங்களே, ஹவ்," என்றார்கள். போனுக்கு இப்போது சின்ன பிளான்தான். பெட்டிக்குள் தூங்குகிற போனுக்கு எதற்கு அன்லிமிடெட்? பகல் முழுக்க ரோட்டில் சுற்றுகிறவர்களுக்கு, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது உதவலாம். அவர்களும் அந்த நட்சத்திரத்தின் அடியைப் படித்துவிட்டு வாங்கட்டும். எனக்கு அது வேண்டாம்.

பெரியவள் பரீட்சையில் மறுபடியும் தேறினாள். பேட்டி நாளும் வந்தது. நான் மறுபடியும் லீவு போட்டேன். காலையில் எழுந்ததும் அவள் என்முன் கையை நீட்டினாள்.

"போன் இவ்வண்டி அப்பா."

கொடுத்தேன். அதை வாங்கி நேராக அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். கேரம் போர்டின் சிவப்புக் காய் ஒன்றை என் கையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"டோக்கன். உங்க கேட்ல குடுப்பாங்க இல்ல? பேட்டி முடிஞ்சதும் இத குடுத்து வாங்கிக்கோங்க."

சின்னவளே, நீ அப்போது விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அவளே அலமாரியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் அந்தக் காயைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். அவள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. குரல் மட்டும் ஓர் இடத்திலும் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது.

கதவு திறந்ததும் காயை நீட்டினேன். போனை என் கையில் வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ரிசல்ட் மெயில்ல வரும்னாங்க," என்றாள். "இந்தத் தடவ முழுசாக் கேட்டாங்க அப்பா."