பாறையில் எழுதிய பதினேழு

திருவண்ணாமலையில் மலையை ஒட்டிய தெருக்களுக்கு மேலே மண் சரிந்த இடம், பாறை உருண்ட இடம், இனி உருளக்கூடிய இடம் என்று வகை பிரித்து வரைபடத்தில் குறிப்பது என் வேலை. ஒரு வீட்டுக்கு மேலே பிடிப்பில்லாமல் நின்ற பாறையில், அபாயப் பட்டியலின்படி, சிவப்புப் பெயிண்டால் பதினேழு என்று எழுதினேன். அறிக்கையும் கொடுத்தேன். பாறையை அகற்ற யாரும் வரவில்லை.

அடுத்த மழைக்குப் பின் போனால், எண்ணுக்கு மேலே விபூதிப் பட்டை, கீழே கற்பூரக் கரி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வேற வீடு பாருங்கனு எத்தனை தடவை சொன்னேன்?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கத்தினேன்.

"எங்க சார் போறது? நீங்க நம்பர் போட்டப்புறம்தான் பயமே கம்மியாச்சு. இனிமே கவர்மெண்ட் பார்த்துக்கும்னு, கீழ்பென்னாத்தூர்ல விட்டிருந்த புள்ளைங்களக்கூட கூட்டினு வந்துட்டேன்."